வெயில் படக் கூடாத புடவை

திருடனைப் பிடித்துக் கொடு என்று ஆள் அனுப்புகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது துப்பறிகிற மகாவீரனுடைய கொள்கை. அவர் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். மற்றதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்து விசாரித்துக் கற்றுக்கொண்டது. நாலு பேர் ஒரே மாதிரி நல்ல சாட்சி சொன்னால் அந்த நாலு பேரையும் சேர்த்து விசாரிப்பார்.

அதனால், காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கோதண்டபாணி பட்டு மாளிகையின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே அவருக்கு மூக்கு சுருங்கிவிட்டது. ஏசி குளிர், சந்தன வாசனை, கைகூப்பிய பொம்மை. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிற இடத்தில் நியாயம் இருக்காது.

"வாங்க நயினார், வாங்க!" கோதண்டபாணி எழுந்து வந்தார். நெற்றியில் திருமண், கழுத்தில் காசியில் வாங்கிய புது மாலை. அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். "கேஸு ரொம்ப சிம்பிளு. திருடன் ரெடியா இருக்கான். உள்ள உக்கார வெச்சிருக்கேன். நீங்க விசாரிச்சுட்டு, ஆமா இவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, ஆறு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து வந்து கூட்டிக்கினு போயிடுவாங்க."

"சார், இதுக்கு நம்ம வேணாம்" என்றாள் ஏஞ்சல். மகாவீரனின் உதவியாள். ஸ்கூட்டி ஓட்டுவது, போட்டோ பிடிப்பது, வாயை மூடாமல் இருப்பது என்று எல்லா வேலையும் அவளே. "தலையாட்டத்தான் ஆள் வேணும்னா எங்க தெருவுல பூம்பூம் மாட்டுக்காரர் இருக்காரு. நம்பர் குடுக்கட்டா முதலாளி?"

கோதண்டபாணி சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அரக்கோணத்து ரேணுகாம்பாள் பெண்ணின் கல்யாணத்துக்கு அரக்குக் கலரில் முகூர்த்தப் புடவை எடுத்திருந்தாள். அசல் தங்க ஜரிகை என்று சொல்லி விற்ற புடவை. முந்தானையில் குச்சம் கட்டுவதற்காகக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். இன்று காலை வாங்க வந்தவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என் புடவை இல்லை" என்று மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள். ஜரிகையை உரசிப் பார்த்தார்கள். சுத்தப் போலி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. புடவை வைத்திருந்த பீரோவின் சாவி இருந்தது விற்பனையாள் டேனியலிடம். அவன் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான் என்பது முதலாளியின் கட்சி.

ரேணுகாம்பாள் வெள்ளை மெத்தையில் திண்டில் சாய்ந்து, அந்தப் புடவையை மடியில் போட்டுக்கொண்டு காவல் காத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே வரிசையாகத் தகரத் தொப்பி போட்ட விளக்குகள் பளீரென்று எரிந்தன.

"நான் பார்த்தது தகதகன்னு இருந்துச்சுப்பா. நல்ல தங்கம் மாதிரி. இதைப் பாரு, கஞ்சி வடிச்ச மாதிரி வெளுத்துக்கினு இருக்குது. கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரி என்னை இன்னா சொல்லுவா?"

"அடையாளம் ஏதாச்சும் வெச்சீங்களாம்மா?"

"முந்தானை ஓரத்துல என் கையாலயே மஞ்சள் வெச்சேன். இதுலயும் அதே மாதிரி வெச்சிருக்கானுங்க, பாவிங்க!"

மகாவீரன் முந்தானையைப் பார்த்தார். மஞ்சள் பொட்டுக்கு ஒரு பக்கம் வால் நீண்டிருந்தது, தலைப்பிரட்டை மாதிரி.

"இது ஏன் இழுத்துக்கினு கெடக்குது?"

"நான் வெக்கும்போது என் சின்னப் பொண்ணு கையைத் தட்டி உட்டுட்டா."

"பாத்தீங்களா நயினார்?" என்று கோதண்டபாணி தொடையைத் தட்டினார். "அந்த வால் வரைக்கும் காப்பி அடிச்சிருக்கான். எப்பேர்ப்பட்ட திருடன்!"

மகாவீரன் ஜரிகையைத் தடவிப் பார்த்தார். கறையின் வால் வரைக்கும் காப்பியடித்த கெட்டிக்காரன், ஊரே பார்க்கிற ஜரிகையில் கோட்டை விட்டானாம். இதை நம்ப வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

சுவரில் தங்க எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: 'முகூர்த்தப் பட்டை முகூர்த்தத்துக்கு முன் வெயிலில் காட்டலாகாது.'

காந்தி ரோட்டில் எந்தக் கடையிலும் இல்லாத பலகை. மற்ற கடைகளில் வாடிக்கையாளர் கேட்காமலே, விற்கிற பையன் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். நாலு பெண்கள் வெயிலில் நின்று, திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, விலையைக் குறைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.

"இது இன்னா வழக்கம்?"

"பரம்பரை ஐதீகம், நயினார். திருஷ்டி பட்டுடும்."

"கடை ஆரம்பிச்சு எவ்ளோ நாள் ஆச்சு முதலாளி?" என்றாள் ஏஞ்சல்.

"அது ஆச்சு, பதினெட்டு வருசம்."

"பரம்பரைக்கு இன்னும் மீசையே மொளைக்கல போல."

* * *

டேனியல் பின்கட்டில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் செருப்பைக்கூட எடுத்து ஒளித்து வைத்திருந்தார்கள். ஓடிவிடுவானாம்.

"நான் எடுக்கல சார். எடுத்திருந்தா இங்க ஏன் சார் உக்காந்துக்கினு இருக்கப் போறேன்? திருட்டுப் பட்டம் கட்டி வெளிய அனுப்பினா இந்த ரோட்டுல ஒரு கடைக்காரன் என்னைப் படியேற உடுவானா? எனக்குப் பொடவை மடிக்கறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது சார்."

"அழாதே. அழுதா நல்லவன்னு நான் நம்பறதில்ல. காலையில இன்னா நடந்துச்சு, அதைச் சொல்லு."

"அந்தம்மா கத்திக்கினு இருந்தாங்க. அப்பதான் முதலாளி ரயில் ஸ்டேஷன்ல இருந்து நேரா வந்தாரு. உள்ள வந்து..." அவன் நிறுத்தி யோசித்தான். "புடவையைப் பாக்கல சார். மேல பாத்தாரு. லைட்டை. மூஞ்சி செத்துப் போச்சு. அப்புறம் என் சட்டையைப் பிடிச்சுட்டாரு."

மகாவீரன் காதைக் குடைவதை நிறுத்தினார். "லைட்டுல இன்னா இருக்குது?"

"அவரு காசிக்குப் போயிருந்தப்போ, சின்ன முதலாளி அந்தத் தொப்பிங்களுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடிச்சாரு."

"முன்னாடி யாரு அடிப்பாங்க?"

"முதலாளியே சார். வருசா வருசம் ஆயுத பூஜைக்கு முன்னாடி, எங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டு, ஷட்டரை எறக்கிட்டு, ஏணி போட்டு அவரே ஏறுவாரு. பூஜை விளக்கு மாதிரி, மத்தவங்க கை படக் கூடாதும்பாரு."

"தண்ணி குடிக்க டம்ளரைக்கூடத் தானா எடுக்காத ஆளு, ஏணில ஏறுவாரா?" என்றாள் ஏஞ்சல். "பக்தி முத்திப்போச்சு சார்."

* * *

சின்ன முதலாளி முத்துக்குமார் கோயம்புத்தூரில் வியாபாரப் படிப்பு படித்துவிட்டு வந்தவன். விளக்கைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி ஆரம்பித்தான்.

"அங்கிள், இதுக்கு நான் ஆறு வகைப் பெயின்ட் டெஸ்ட் பண்ணேன். மொதல்ல சில்வர். அது பளபளன்னு இருக்கும், ஆனா வெளிச்சம் திட்டுத் திட்டா விழுது. பல்பே கண்ணுல குத்துது. அப்புறம் பளபளப்பு வெள்ளை. பரவால்ல. கடைசியா இந்த மங்கல் வெள்ளை. பாக்க சுண்ணாம்பு மாதிரி சுமாராத்தான் இருக்கும். ஆனா பல்புல இருந்து வர்ற வெளிச்சத்தை முக்கால்வாசிக்கு மேல அப்படியே திருப்பிக் குடுத்துடும். மாவு சலிச்ச மாதிரி எல்லா இடத்துலயும் சமமா விழும். பல்பு பாதி போதும். கரன்ட் பில் பாதி. டாடிக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பண்ணேன்."

"சர்ப்ரைஸாதான் ஆயிட்டாரு" என்றாள் ஏஞ்சல்.

"பழைய பெயின்ட் இன்னா கலரு?" என்றார் மகாவீரன்.

"ஏதோ அழுக்கு மஞ்சள். சுரண்டிட்டுதான்..."

"நயினார்!" பின்னாலிருந்து கோதண்டபாணியின் குரல் கத்திரிக்கோல் மாதிரி விழுந்தது. "திருட்டுப் போனது பொடவை. நீங்க பெயின்டு கதை கேட்டுக்கினு இருக்கீங்க. படிக்காதவங்களைக் கூப்பிட்டா இப்படித்தான்."

ஆக, அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று மகாவீரன் நினைத்துக்கொண்டார். முட்டாள் என்று நினைக்கிறவனைத் திருத்துவது தொழிலுக்குக் கெடுதல்.

வாசலுக்கு வந்ததும் முத்துக்குமாரைத் தனியாக இழுத்தார். "சுரண்டினது யாரு?"

"சாமுவேல்னு ஒரு பெயின்டர். சின்ன காஞ்சிபுரம். ஒரு தொப்பி துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சுன்னு சொல்லித் தூக்கிப் போட்டுட்டான். அதுக்குப் பதிலா புதுசு போட்டோம்."

* * *

ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்ததும் மகாவீரனின் வயிறு கூவியது. மத்தியானம் சாப்பிடவில்லை. ஜைன வீட்டுப் பிறப்பு; ஊரார் 'நயினார்' என்று கூப்பிடுவதும் அதனால்தான். பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் போகாது. காந்தி ரோட்டில் பாதிப் பேருக்கு அது தெரியும். அதற்காகவே சாயங்காலம் விருந்துக்குக் கூப்பிடுகிற கஞ்சப் பயல்களும் உண்டு.

"சார், கேஸை முடிச்சுட்டு சாப்பிடறதா, சாப்பிட்டுட்டு முடிக்கறதா?"

"சூரியனைக் கேளு."

சாமுவேல் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்துச் சந்தில், அவன் பெண்டாட்டி நடத்தும் பஜ்ஜிக் கடைக்கு அப்படிக் கூட்டம். கடை ஒரு நீளமான இருட்டுப் பொந்து. பட்டப்பகலிலும் உள்ளே விளக்கு எரிந்தது. அதன் கீழே தட்டில் குவிந்திருந்த வாழைக்காய் பஜ்ஜி, கும்பாபிஷேகம் முடிந்த கலசம் மாதிரி மின்னியது.

மகாவீரனின் கொள்கையெல்லாம் நாக்கில் ஊறியது. "நாலு குடும்மா."

தட்டை வாங்கிக்கொண்டு, நெரிசல் தாங்காமல் தெருவுக்கு வந்து ஸ்கூட்டி மேல் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். பச்சை மாவு பல்லில் ஒட்டியது. துப்பிவிட்டுக் கையில் இருந்ததைப் பார்த்தார். செத்த பல்லியின் வயிறு மாதிரி வெளுத்திருந்தது.

"இன்னா சார், வேகலையா?"

மகாவீரன் எழுந்து, தட்டோடு கடைக்குள் போனார். பஜ்ஜி பொன்னாகியது. வெளியே வந்தார். பல்லி. மறுபடி உள்ளே. கலசம். மறுபடி வெளியே.

"யாருப்பா அந்தப் பெரிசு, பஜ்ஜிக்குப் பிரகாரம் சுத்திக் காட்டுது?" என்றான் வரிசையில் நின்றவன் ஒருவன்.

மகாவீரன் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார். தகரத் தொப்பி. கோதண்டபாணி கடையில் தொங்குகிற அதே தொப்பி. துருவும் இல்லை, ஓட்டையும் இல்லை. உள்பக்கம் மட்டும் முட்டைக் கரு மாதிரி மஞ்சள்.

"டேய் சாமுவேலு!"

பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான். தொப்பியையும் மகாவீரனையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணாத்தே, ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். அவங்க தூக்கித்தான் போட்டாங்க."

"தூக்கிப் போட்டது நீ. அதை வுடு. சுரண்டும்போது உள்ள இன்னா இருந்துச்சு?"

"மஞ்சளு. அதுக்குக் கீழ மறுபடி மஞ்சளு. இந்த வெங்காயம் மாதிரி தோலு தோலா வருது. சும்மா மஞ்சள் இல்ல அண்ணாத்தே, துளி காவி கலந்து, யாரோ பாத்துப் பாத்துக் கொழைச்சிருக்காங்க. இதை மாட்டினதுல இருந்து நம்ம பஜ்ஜி பிச்சுக்கினு போவுது. எண்ணெய் சூடாவறதுக்கு முன்னாடியே எடுத்துடறோம், கேஸ் சிலிண்டரும் மிச்சம்."

"நீங்க பெயின்டரா, வைத்தியரா?" என்றாள் ஏஞ்சல். "ஊருக்கே பேதி குடுக்கறீங்க."

"கழட்டு அதை" என்றார் மகாவீரன். "இல்ல, யாரு வீட்டுத் தொப்பின்னு கோதண்டபாணிகிட்ட நான் சொல்லணுமா?"

விளக்குத் தொப்பி இறங்கியது. தட்டில் இருந்த அத்தனை பஜ்ஜிக்கும் ஒரே நேரத்தில் காமாலை தெளிந்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

* * *

திரும்பி வந்தபோது ரேணுகாம்பாள் காலையிலிருந்து கத்திய களைப்பில் திண்டின் மேல் தூங்கிப்போயிருந்தாள். மடியில் அதே புடவை. விரல் முந்தானையைப் பிடித்தபடியே இருந்தது.

ஏஞ்சல் கோதண்டபாணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "முதலாளி, எனக்கு ஒரு டவுட்டு. காசில புடிச்ச பொருளை விட்டுட்டு வரணுமாமே. நீங்க இன்னாத்த விட்டீங்க? கத்தரிக்காயா, மனசாட்சியா?" என்று அவள் ஆரம்பிப்பது வெளியே கேட்டது.

"தம்பி, ஏணி எடுத்துக்கினு வா" என்றார் மகாவீரன். "அந்தம்மா தலைக்கு மேல இருக்கற தொப்பியைக் கழட்டிட்டு இதை மாட்டு. மத்த லைட்டையெல்லாம் அணைச்சுடு. சத்தம் கூடாது."

முத்துக்குமார் முகம் சுளித்தான். "இந்தப் பழசா அங்கிள்? இது வெளிச்சத்தைக் குடிச்சுடும். எஃபிஷியன்சி..."

"மாட்டுப்பா. படிச்சதை அப்புறம் ஒப்பிக்கலாம்."

மாட்டினான். ஸ்விட்சைப் போட்டான். மெத்தையின் மேல் வெல்லப்பாகு மாதிரி வெளிச்சம் இறங்கியது. ஏணியின் மேல் நின்றிருந்தவன் கீழே பார்த்தான். பார்த்தவன் இறங்க மறந்தான்.

"அம்மா" என்று மகாவீரன் ரேணுகாம்பாளைத் தட்டி எழுப்பினார். "உங்க பொடவை கெடைச்சிடுச்சு."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்தாள். அரக்குப் பட்டின் மேல் ஜரிகை நெருப்பு மாதிரி ஓடியது. "ஐயோ, இதுதான்பா! இதேதான்! மாரியாத்தா, என் மானத்தைக் காப்பாத்திட்ட! யாரு எடுத்தது? எங்க இருந்து புடிச்சுக்கினு வந்த?"

"உங்க மடியில இருந்துதாம்மா."

அவளுக்குப் புரியவில்லை. முந்தானையைப் பிரித்தாள். மஞ்சள் பொட்டு. அதன் வால்.

அறைக் கதவு படாரென்று திறந்தது. கோதண்டபாணி வந்தார். இந்தத் தடவையும் புடவையைப் பார்க்கவில்லை. மேலேதான் பார்த்தார்.

"திருட்டே நடக்கலம்மா" என்றார் மகாவீரன். "நீங்க எடுத்தப்பவும் இதே பொடவைதான், இதே போலிதான். இந்த மஞ்சத் தொப்பிக்குக் கீழ வெளக்கமாத்துக் குச்சியை வெச்சாலும் தங்கமாத்தான் தெரியும். இவரு காசில பாவத்தைக் கழுவிக்கினு இருந்த நேரத்துல புள்ள இங்க பெயின்ட்டைக் கழுவிட்டான். வெள்ளை அடிச்சதும் சாயம் போயிடுச்சு. ஒத்துக்கினா கடை போயிடும். அதுக்குத்தான் டேனியலைத் திருடனாக்கினாரு. அதுக்கு சாட்சி சொல்ல, படிக்காதவன் ஒருத்தன் வேணும். நான் ஆப்ட்டேன்."

"பொய்! அபாண்டம்!"

"அப்பிடியா? அம்மா, வாசல்ல இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருக்குது. வாங்க."

"வெயில்ல காட்டக் கூடாது!" கோதண்டபாணி கையை விரித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் பாய்ந்தார். "ஐதீகம்! தாலி நிக்காது!"

ரேணுகாம்பாள் அவரைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்து ஐதீகத்தை ஒரு முழங்கையால் ஓரமாகத் தள்ளினாள்.

காந்தி ரோட்டில் சாயங்கால வெயில் படுத்துக்கிடந்தது. அவள் நடுத்தெருவில் நின்று புடவையை உதறி விரித்தாள். கஞ்சி. வடித்து ஆறிப்போன கஞ்சி. எதிர்க்கடை வாசலில் புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி தன் பையைத் திறந்து, போன மாதம் கோதண்டபாணி கடையில் வாங்கிய புடவையின் பில்லைத் தேட ஆரம்பித்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே முத்துக்குமார் அப்பா முன்னால் நின்றிருந்தான். "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே டாடி. பெயின்ட்டை மாத்தியிருக்க மாட்டேனே."

"உன்னை எப்படிடா நம்பறது?" என்றார் கோதண்டபாணி.

ஏஞ்சல் மகாவீரனின் காதோரம் வந்தாள். "குடும்பமே தங்கம் சார். அசல்."

மகாவீரன் டேனியலைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தார். "அம்மா, இந்தப் பையனைக் காலையில நீங்களும்தான் திருடன்னு சொன்னீங்க. அப்ப ரோடே கேட்டுச்சு. இப்பவும் கேக்கணும்."

ரேணுகாம்பாள் மானஸ்தி. "கேளுங்கப்பா!" என்று அவள் எடுத்த குரலில் போகிற பஸ் ஒன்று வேகம் குறைத்தது. "இந்தப் புள்ள திருடன் இல்ல! திருடன் உள்ள நாமம் போட்டுக்கினு நிக்கறான்!"

ஆறு மணிக்கு, சொன்ன நேரத்துக்குப் போலீஸ் வந்தது. யாரை அழைத்துப் போவது என்று கேட்டவரிடம் பத்துப் பெண்கள் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

மகாவீரன் மேற்கே பார்த்தார். ஏகாம்பரநாதர் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் போயேபோய்விட்டது. இனி விடியும் வரைக்கும் வயிறு காலி. ஏஞ்சல் கைப்பையிலிருந்து மிச்ச பஜ்ஜியைக் கட்டிவைத்த எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்து, தெருவிளக்கில் ஒரு தடவை பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டியில் போட்டாள்.

டேனியல் தன் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். படியில் நின்ற கோதண்டபாணி, போலீஸ்காரர் காதில் விழாதபடி குனிந்தார்.

"டேய் டேனியலு, கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். நீ நாளைக்கு வழக்கம்போல வந்துடு. என் பக்கம் நல்லபடியா ரெண்டு வார்த்தை சொல்லு. உன்னை நான் பாத்துக்கறேன்."

டேனியல் நிமிர்ந்து அவர் முகத்தைத் தெருவிளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அந்த மஞ்சத் தொப்பியைக் கழட்டிடாதீங்க முதலாளி" என்றான். "உங்க மூஞ்சி அதுக்குக் கீழதான் பாக்கற மாதிரி இருக்குது."